முன் அனுபவம்

கனகா டைப்ரைட்டிங் கிளாசுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் ஆதிலட்சுமிக்கு வேர்க்கடலை உரிக்கிற கை வேகமெடுக்கும். ஓடு நசுங்குகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

"மெதுவா உரிமே. பருப்பு ரெண்டாப் பொளந்துக்கினா மண்டிக்காரன் விதைக்கு எடுத்துக்க மாட்டான்" என்பாள் மாமியார் சொக்கம்மாள். சொல்கிற வாய் மருமகள் பக்கம் இருக்கும். கை, மகள் கனகாவின் பின்னலுக்கு ரிப்பன் முடிந்துகொண்டிருக்கும்.

எண்பத்திரண்டில் ஐப்பசியும் கார்த்திகையும் வெறும் மேகத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டன. மாசியிலேயே உத்திரமேரூர் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சம்பா நாற்றங்காலோடு கருகியது. ஆதிலட்சுமியின் புருஷன் பஞ்சாட்சரம் சொந்த நிலத்தை அப்படியே போட்டுவிட்டு, ஊரான் கிணறுகளில் தூர் வெட்டப் போனான். வீட்டில் மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ்தான். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு இருந்தால் அன்றைக்கு விசேஷம். பெண்கள் மண்டியிலிருந்து வந்த கடலை மூட்டைகளை உரித்துக் கொடுத்தார்கள். அதிலும் கனகாவுக்கு விலக்கு உண்டு. விரல் நோவு கண்டால் டைப் மிஷின் கட்டையை அமுக்க வராதாம்.

ஆதிலட்சுமி பிறந்தது தாமல். பத்தாவது முடித்த கையோடு ஊர் பால் சங்கத்தில் கணக்கெழுத உட்கார்ந்தவள். வெள்ளி முளைக்கும்போதே சங்கத்துக் கதவைத் திறப்பாள். கேன்களோடு வருகிறவர்களை வரிசையில் நிற்க வைப்பது, பாலை அளப்பது, தண்ணீர் கலப்பு பார்ப்பது, அட்டையில் எழுதுவது எல்லாம் அவள்தான். மீசை முறுக்கிய ஆட்கள் கூட அவள் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றே சொக்கம்மாள் சொல்லிவிட்டாள், "எங்க வூட்டுப் பொம்பளைங்க வெளி வேலைக்குப் போற வழக்கம் கெடையாது. அத்த வுட்டுடணும்."

விட்டுவிட்டாள். அப்போது பெரிதாக வருத்தமும் இல்லை. புதுப் புருஷன், அதட்டிப் பேசாதவன். அடுத்த வருஷமே செங்கேணி பிறந்தாள். பிள்ளை, மாடு, களத்துமேடு என்று நாள் ஓடிவிட்டது. வருத்தம் வந்ததெல்லாம் இப்போதுதான். அதே சொக்கம்மாள் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, "எம்பொண்ணு ஆபீசு வேலைக்குப் போவப்போறா" என்று நாலு பேரிடம் சொன்னதைக் காதால் கேட்ட பிறகு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்காதவள் மாதிரி ஆதிலட்சுமி வீட்டுக்கு நடந்தாள். பாதித் தண்ணீர் சேலையில் வழிந்திருந்தது.

கனகா அவளுக்கு ஒரு கெடுதலும் செய்தவளில்லை. இருபத்தொரு வயதுப் பெண், அண்ணி அண்ணி என்று காலைச் சுற்றுகிறவள். பஜாரிலிருந்து வரும்போது செங்கேணிக்கு ஒரு கமர்கட்டாவது வாங்கி வருவாள். அதுதான் ஆதிலட்சுமிக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டவாவது முடியும்.

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறியிருந்த ஒரு நாள் கனகா ஓட்டமும் நடையுமாக வந்தாள். பஞ்சாட்சரம் கிணற்று வேலை முடிந்து, முழங்கால் வரை சேற்றோடு கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, வாலாஜாபாத் பக்கத்துல புதுசா பால் குளிரூட்டற நெலையம் தொறக்கறாங்களாம். கணக்கு எயுத லேடீஸ் வோணுமாம். எங்க ஞானதாஸ் மாஸ்டர் பேப்பர்ல வந்தத வெட்டி கிளாஸ் செவுத்துல ஒட்டிக்கீறாரு."

"இன்னா படிப்பு கேக்கறாங்கோ?"

"பத்தாவது போதும். பால் சங்கத்துல வேலை பாத்தவங்களுக்கு மொதல்ல குடுப்பாங்களாம். முப்பது வயசு தாண்டக் கூடாதாம்."

ஆதிலட்சுமியின் கை கடலைக் குவியல் மேலேயே நின்றது. அவளுக்கு இருபத்தெட்டு. யாராவது அவள் பக்கம் திரும்புவார்கள் என்று காத்திருந்தாள். பஞ்சாட்சரம் மிளகாயைக் கடித்தான். சொக்கம்மாள் முறத்தில் ஓட்டைப் புடைத்துத் தள்ளினாள்.

"முப்பதுக்குள்ளன்னா நம்ம கனகாவுக்கு ஒத்து வரும்" என்றாள் சொக்கம்மாள்.

கை மறுபடியும் உரிக்க ஆரம்பித்தது.

"பயோடேட்டா எயுதி அனுப்பணுமாம்" என்று கனகா ஒரு காகிதத்தை நீட்டினாள். "கூடப் படிக்கற பொண்ணோடதப் பாத்து எயுதினேன். மாஸ்டர் வோணாம்னுட்டாரு. நீங்க பாருங்க அண்ணி."

ஆதிலட்சுமி வாங்கிப் பார்த்தாள். பேர், தகப்பனார் பேர், உயரம், நிறம் மாநிறம், பொழுதுபோக்கு ரேடியோ கேட்பது, கோலம் போடுவது, நல்ல குடும்பம், கடவுள் பக்தி உண்டு.

"இது மாப்பிள்ள வூட்டுக்குக் குடுக்கற காயிதம்" என்றாள்.

பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பில் கூழ் புரையேறியது. கனகாவும் சிரித்துவிட்டாள். "மாஸ்டரும் அதையேதான் சொன்னாரு. வேலைக்கு அனுப்பறதுல நீ யாருன்னு எயுதாத, இதுவரைக்கும் இன்னா செஞ்சேன்னு எயுது. ஒரே பக்கத்துல எயுது, அவங்க கேக்கறத மேல எயுதுன்னாரு."

"நீ எயுதிக் குடு ஆதி" என்றான் பஞ்சாட்சரம். "நீதான் தாமல்ல எயுதிக்கினு இருந்தவளாச்சே."

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மேலே ஓலை மாதிரி காய்ந்த காற்று. ஆதிலட்சுமி பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள். பேரும் விலாசமும் ஆயிற்று. படிப்பு ஆயிற்று. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் என்பதையும் எழுதினாள். அடுத்தபடியாக 'முன் அனுபவம்' என்று எழுதி அடிக்கோடு இழுத்தாள்.

"அங்க இன்னா அண்ணி எயுதறது? நான்தான் ஒண்ணும் செய்யலியே."

"யாருக்காவது கணக்கு கிணக்கு பாத்துக் குடுத்தியா?"

"இல்ல."

"பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல அண்ணி."

"அப்ப இல்லன்னு எயுதிடுவோம்" என்றாள் ஆதிலட்சுமி. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரல் அவளுக்கே இனிப்பாகக் கேட்டது.

மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த பஞ்சாட்சரம் திரும்பினான். "இல்லன்னு எயுதினா எவன் கூப்புடுவான்? உன் சங்கத்து வேலைய அதுல எயுதேன். உங்கிட்ட சும்மாதானே கீது."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "இன்னாது?"

"நீ பாத்த வேலைய கனகா பாத்ததா எயுதிடு. அங்க வந்து எவன் கேக்கப்போறான்? ஒரே வூடுதானே."

"அது நான் பாத்தது இல்ல?"

"அதான் சொல்றேன். நீ இனிமே அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவன். வீட்டில் கிடக்கிற பழைய கலப்பையை எடுத்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கச் சொல்கிற மாதிரித்தான் சொன்னான். உள்ளேயிருந்து சொக்கம்மாளும், "நாத்தனாருக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறா" என்றாள்.

கனகா தலையைக் குனிந்துகொண்டாள். "வோணாம்ணா. அண்ணிக்குப் புடிக்கல போலக்கீது."

அதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்பது? எழுதினாள். பால் சங்கத்தில் வரவு எழுதியது, தரம் பார்த்தது, உறுப்பினர் அட்டை சரிபார்த்தது, சங்கத்துச் சாவி தன் பொறுப்பில் இருந்தது எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். வருஷத்தை மட்டும் கனகாவின் வயதுக்குப் பொருந்தும்படி மாற்றினாள். எழுதி முடித்து ஒரு முறை படித்தபோது, தான் இவ்வளவு செய்திருக்கிறோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தன் கல்யாணச் சேலையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு எதிரில் நிற்கிற மாதிரி அந்தக் காகிதம் கனகாவின் கையில் இருந்தது.

கனகா அதைக் கிளாசில் டைப் அடித்து அனுப்பினாள். வைகாசியில் நேர்காணலுக்கு வரச்சொல்லி கார்டு வந்தது. சொக்கம்மாள் அதை வாங்கி மாடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அன்றைக்குக் கூழுக்குப் பதில் சோறு வடித்து முருங்கைக்கீரை வதக்கினார்கள். கனகா சோற்றைப் பிசைந்துகொண்டே ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அங்க கேப்பாங்களே. எனக்கு ஒண்ணும் தெரியாதே. எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க."

கடலை உரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். பாலை ஊற்றும் முன் ஏன் கலக்கிவிட வேண்டும், காலைப் பாலும் மாலைப் பாலும் எப்படி வேறுபடும், வெயில் நாளில் பால் திரிகிற வாசனை முதலில் எப்படி வரும் என்பதெல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கு அந்தச் சங்கத்துச் சிமெண்டுத் தரையின் ஈரம் உள்ளங்காலில் தட்டியது. கனகா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்கிறாள் என்று இருந்தது. மூன்று வருஷம் விடியலில் எழுந்து கற்றதை, ஒரு முறம் கடலை உரிக்கிற நேரத்தில்.

"தண்ணி கலந்த பாலை எப்பிடி அண்ணி கண்டுபுடிக்கறது?"

"லாக்டோமீட்டர்னு ஒரு கண்ணாடிக் குழாய் கீது. பாலுக்குள்ள வுட்டா மெதக்கும்."

"தண்ணி கலந்திருந்தா?"

ஆதிலட்சுமி ஒரு கடலையை நசுக்கினாள். பருப்பு இரண்டாகப் பிளந்தது.

"மேல எயும்பி வரும்" என்றாள்.

"நல்ல பால்னா?"

"உள்ள போவும்."

நேர் தலைகீழ். இப்போதே திருத்திவிடலாம், நாக்கு புரண்டுவிட்டது என்று சொல்லலாம். கனகா தலையை ஆட்டி ஆட்டி, "தண்ணி கலந்தா மேல, நல்ல பாலுன்னா உள்ள" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். ஆதிலட்சுமி திருத்தவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை.

நேர்காணலுக்கு அவளே கூடப் போக வேண்டியதாயிற்று. பஞ்சாட்சரத்துக்குக் கிணற்று வேலையை விட முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கனகா உட்கார்ந்தாள். தாய் பின்னிவிட்ட பின்னல், கடன் வாங்கிய கைப்பை. பாலாற்றைத் தாண்டும்போது வெறும் மணல் கண்ணைக் கூசியது.

"வேலை கெடைச்சா மொத சம்பளத்துல உங்களுக்குத்தான் பொடவை அண்ணி" என்றாள் கனகா. "நீங்க இல்லன்னா நான் ஏது?"

அதுவரைக்கும் தொண்டையில் நின்றிருந்த உண்மை, அந்தப் புடவைப் பேச்சைக் கேட்டதும் உள்ளே போய்விட்டது. 'இவள் எனக்குப் புடவை எடுத்துக் கொடுப்பாளாமா' என்று இருந்தது ஆதிலட்சுமிக்கு.

நிலையம் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகாத கட்டிடம். வராந்தாவில் பத்துப் பதினைந்து பெண்கள் அண்ணனோடும் அப்பாவோடும் காத்திருந்தார்கள். கனகாவைக் கூப்பிட்டதும் ஆதிலட்சுமி ஜன்னலோரமாக நகர்ந்து நின்றாள். உள்ளே கண்ணாடி போட்ட மேனேஜர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா எழுதியிருக்க" என்றது கேட்டது. நாலைந்து கேள்விகளுக்குக் கனகா தடுமாறாமல் பதில் சொன்னாள். சொல்லிக் கொடுத்தது ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"சரி, பால்ல தண்ணி கலந்திருக்கு. லாக்டோமீட்டர் இன்னா ஆவும்?"

"மேல வரும் சார்."

"அவசரப்படாத. யோசிச்சுச் சொல்லு."

"மேலதான் சார் வரும். நல்ல பாலுன்னா உள்ள போவும்."

மேனேஜர் காகிதத்தை மறுபடியும் எடுக்கிற சத்தம் கேட்டது. "மூணு வருஷம் தினமும் பார்த்தேன்னு எழுதியிருக்க. ஒரு நாளாவது அத்தக் கையால தொட்டியா?"

"எங்க அண்ணி அப்படித்தான் சார் சொன்னாங்க" என்றாள் கனகா. குரல் உடைந்துவிட்டது. "அவங்கதான் சார் சங்கத்துல வேலை பாத்தாங்க. நான் பாக்கல. வெளியத்தான் நிக்கறாங்க."

ஆதிலட்சுமியை உள்ளே கூப்பிட்டார்கள். கனகா சுவரோரம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீதானாம்மா சங்கத்துல இருந்தது? அப்ப நீ சொல்லு. தண்ணி கலந்தா மேல வருமா, உள்ள போவுமா?"

மேல வரும் என்று சொல்லிவிட்டால் போதும். அண்ணிக்கே தெரியவில்லை என்று ஆகிவிடும். இரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்றாகவே வீட்டுக்குப் போகலாம். கனகா ஈரக் கண்ணோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போவும் சார்" என்றாள் ஆதிலட்சுமி. "தண்ணி சேந்தா பாலு நீத்துப்பூடும். எவ்ளோ கலக்கறாங்களோ அவ்ளோ எறங்கும். ஆடை எடுத்த பால்ல மட்டும் மேல வரும். அதனால சில பேரு ஆடைய எடுத்துட்டு தண்ணிய ஊத்துவாங்க. பாத்தா கணக்கு சரியா காட்டும். கொழுப்பையும் சேத்துப் பாத்தாத்தான் திருட்டு தெரியும்."

நிறுத்த முடியவில்லை அவளால். கேட்காததையும் சொன்னாள். அத்தனை வருஷமாக ஒருவரும் கேட்காதது. சொல்லி முடித்தபோதுதான் கனகா அழுகையை நிறுத்திவிட்டிருந்தது தெரிந்தது.

மேனேஜர் காகிதத்தை மடித்துக் கனகாவிடம் திருப்பிக் கொடுத்தார். "அடுத்தவங்க வேலைய உன் பேருல எழுதாதம்மா. உனக்குத்தான் கஷ்டம்." பிறகு ஆதிலட்சுமியைப் பார்த்து வயதைக் கேட்டார். "உன் பேருல எழுது. சங்கத்துல ஒரு சர்டிபிகேட் வாங்கி வெச்சி அனுப்பு. மாசக் கடைசி வரைக்கும் வாங்குவோம். வேலை தர்றேன்னு சொல்லல. பார்ப்போம்."

திரும்புகிற பஸ்ஸில் அனல் காற்று முகத்தில் அறைந்தது. ரொம்ப தூரம் வந்த பிறகு கனகா வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"மறந்துபோய்த்தான் மாத்தி சொல்லிட்டீங்களா அண்ணி?"

தப்பிக்க ஒரு வழியை அவளே திறந்து வைத்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பாள்.

"இல்ல" என்றாள் ஆதிலட்சுமி.

"தெரிஞ்சேதான் சொன்னீங்க."

"ஆமா."

"நான் உங்களுக்கு இன்னா செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல."

"பின்ன?"

ஆதிலட்சுமிக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "உங்கம்மா உனக்குத் தல பின்னி அனுப்பறாங்க இல்ல. அத்தப் பாத்துக்கினு என்னால இருக்க முடியல" என்றாள்.

"அதுக்கு எங்கம்மாகிட்ட இல்ல நீங்க சண்டை போட்டிருக்கணும்" என்றாள் கனகா.

வீட்டு வாசலிலேயே சொக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். ஆதிலட்சுமி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். கனகா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தாள்.

"தண்ணி கலந்த பாலைப் பத்திக் கேட்டாங்க. நான் தப்பா சொல்லிட்டேன். அண்ணி சரியா சொன்னாங்க" என்றாள் கனகா. "அண்ணியத்தான் எயுதிப் போடச் சொல்லிக்கீறாங்க." அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதை ஆதிலட்சுமிதான் வயிற்றில் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நம்ம வூட்டுல அந்த வழக்கம்..." என்று சொக்கம்மாள் தொடங்கினாள்.

"கனகா போவலாம்னா நானும் போவலாம் அத்த" என்றாள் ஆதிலட்சுமி. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் மாமியாரை மறித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

பஞ்சாட்சரம் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உன்னுதைத் தூக்கி அவளுக்கு எயுதச் சொன்னேன் பாரு, எம்மேலதான் தப்பு" என்றான். கொஞ்சம் கழித்து, "கொயந்தைய யாரு பாத்துக்கறது?" என்று கேட்டான்.

சொக்கம்மாள் முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூலையில் உரிக்காத கடலை மூட்டை இன்னும் இரண்டு இருந்தது. "நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றாள் யார் முகத்தையும் பார்க்காமல்.

பஞ்சாட்சரமே தாமலுக்குப் போய்ச் சங்கத்தில் சான்று வாங்கி வந்தான். ஆதிலட்சுமி தன் பேரில் எழுதினாள். ஆவணியில் அவளுக்கு வேலை உத்தரவு வந்தது அந்தக் காகிதத்துக்குத்தான். ஆனால் எழுதிய அன்று, அதை டைப் அடிப்பது யார் என்பதே பெரிய பாடாக இருந்தது. ஞானதாஸ் மாஸ்டர் மெட்ராஸ் போயிருந்தார். நாளோ முடியப் போகிறது. கனகாவிடம் கேட்க ஆதிலட்சுமிக்கு வாய் வரவில்லை. நேர்காணலுக்குப் போய் வந்ததிலிருந்து கனகா கிளாசுக்குப் போகும்போது தானே தலை வாரிக்கொண்டாள். அண்ணி என்று கூப்பிடுவது குறைந்துவிட்டது.

கனகாவேதான் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். "நானே அடிக்கறேன். கூட வாங்க."

பஜார் தெரு மாடியில் இருந்த டைப் கிளாசில் தகரக் கூரை தகித்தது. ஆதிலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து, கனகாவின் விரல்கள் கட்டைகளின் மேல் ஓடுவதைப் பார்த்தாள். எவ்வளவு வேகம். தனக்கு அது வராது என்று நினைத்தபோது பழைய எரிச்சல் லேசாக எட்டிப் பார்த்தது. கனகா காகிதத்தை உருவி நீட்டினாள்.

"நல்லா படிச்சிப் பாத்துக்கங்க அண்ணி."

படித்தாள். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பேர், வயது, விலாசம், வருஷங்கள். திரும்பவும் மேலிருந்து படித்தாள். ஒரு பிழை இல்லை. கனகா தனக்கு அடித்துக்கொண்டதைவிட நேர்த்தியாக, ஓரம் விட்டு, முன் அனுபவம் என்பதற்குக் கீழே சீராகக் கோடு இழுத்து அடித்திருந்தாள்.

கனகா மிஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். "மாத்தி அடிச்சிருப்பேனோன்னுதானே ரெண்டு தபா படிச்சீங்க?"

"ஆமா" என்றாள் ஆதிலட்சுமி.

"அடிச்சிடணும்னுதான் வந்து உக்காந்தேன். வருஷத்துல ஒரு நம்பரத் தூக்கிட்டாப் போதும், உங்களத் தள்ளிடுவாங்க."

"அப்புறம்?"

"தெர்ல. விரலு அப்பிடிப் போவல" என்றாள் கனகா. கைப்பையை எடுத்துக்கொண்டு, அண்ணிக்காகக் காத்திராமல் படியிறங்கிப் போனாள். தபாலாபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது. ஆதிலட்சுமி காகிதத்தைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே வேகமாக இறங்கினாள்.